மூன்றாவது டிராயரின் தலைவி

நாலாயிரத்து இருநூறு பேர் கொண்ட ஒரு சங்கம் என் மேசையின் மூன்றாவது டிராயரில் இருந்தது. நம்பக் கஷ்டமாக இருக்கிறதா? ஊரை நம்பவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு லெட்டர்பேட், ஒரு ரப்பர் ஸ்டாம்ப், உறுப்பினர் பட்டியல் என்று ஒரு தடித்த ஃபைல். 'சிறுகடையாளர் நலக் கூட்டமைப்பு' என்றால் அவ்வளவுதான். லெட்டர்பேடில் அச்சடித்திருந்த நம்பருக்கு யாராவது போன் செய்தால் என் மேசையில்தான் மணி அடிக்கும். நான் நாள் முழுக்க மூட்டை தூக்கியவன்போலக் குரலைக் களைப்பாக்கிக்கொண்டு, "கூட்டமைப்புங்க, சொல்லுங்க" என்பேன்.

முதல் டிராயரில் வரி செலுத்துவோர் மன்றம். இரண்டாவதில் தனிமனித விருப்ப ஆய்வு மையம். அந்த மையத்துக்கு ஒரு பேராசிரியர் உண்டு. முடிவை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும், எந்தத் தலைப்பிலும் நாற்பது பக்கம் எழுதித் தருவார். மூன்று டிராயருக்கும் தீனி போட்டது ஒரே சிகரெட் கம்பெனி. அதன் பெயரை அலுவலகத்தில் யாரும் வாய் தவறியும் சொல்லமாட்டோம். 'சம்பந்தி வீடு' என்போம். சம்பந்தி வீட்டிலிருந்து போன், சம்பந்திக்குக் கோபம், சம்பந்திக்கு இந்தக் கட்டுரை பிடிக்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவர்கள் மாதிரி நாங்கள் நடுங்கிக்கொண்டிருப்போம்.

என் வேலை எழுதுவது. கடைக்காரர்கள் தாங்களே எழுதியதுபோல நகரசபைக்கும் பத்திரிகைக்கும் கடிதம் எழுதுவேன். ஒன்றில் கோபம், ஒன்றில் கண்ணீர், ஒன்றில் பிள்ளைகளின் படிப்பு. எழுத்துப்பிழையைக்கூட அளந்துதான் போடுவேன், பக்கத்துக்கு இரண்டு. அலுவலகத்தில் கெட்டிக்காரன் என்று பெயர். அந்தப் பெயரை நான் ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் நகரசபை ஒரு விதி கொண்டுவரப் பார்த்தது. கடைகளில் சிகரெட் பெட்டிகளைக் கண்ணில் படும்படி அடுக்கக்கூடாது. மூடிய அலமாரிக்குள் வைத்து, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கலாம். விற்கத் தடையில்லை, காட்டத்தான் தடை. இதற்கே சம்பந்தி வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நான் ஒரே வாரத்தில் நூற்றறுபது கடிதம் எழுதினேன். அதன் பலன், நகரசபையிலிருந்து பதில் வந்தது: அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம், தங்கள் கூட்டமைப்பின் தலைவர் நேரில் வந்து பேசவும்.

தலைவர்! உறுப்பினர்கள் நாலாயிரத்து இருநூறு பேர் வைத்திருந்தோம். தலைவர் ஒருவரை வைக்க மறந்துவிட்டோம்.

எங்கள் மேனேஜரை நாங்கள் 'சிரிப்பு' என்போம். ஒருவனை வேலையை விட்டு அனுப்பும்போதும் சிரித்துக்கொண்டே அனுப்புகிறவர். அன்றும் சிரித்தார்.

"ஒரு அம்மா இருந்தா நல்லா இருக்கும்பா. நிஜக் கடை, நிஜ அம்மா. உங்க அக்கா கடை வச்சிருக்காங்கன்னு சொன்னீங்கல்ல?"

நுணலும் தன் வாயால் கெடும். போன வருஷம் டீ குடிக்கும்போது நானேதான் அக்காவின் கடையைப் பற்றிப் பெருமையடித்திருந்தேன்.

அக்காவின் கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பத்தடிக்கு எட்டடி. அப்பா போனபோது அவளுக்குப் பதினாறு வயது, எனக்கு எட்டு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றாள். இருபத்தெட்டு வருஷமாக நிற்கிறாள். அவள் நின்றதால்தான் நான் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு வந்தேன். இதை மறந்துபோய்த்தான் இந்தக் காரியத்தைச் செய்தேன் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். மறக்கவில்லை. ஞாபகம் வைத்துக்கொண்டேதான் செய்தேன்.

நான் போனபோது பிரெட் பாக்கெட்டுகளைத் தேதி பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சம்பந்தி வீட்டார் இலவசமாகக் கொடுத்த கண்ணாடி அலமாரி, உள்ளே சின்ன விளக்குகளோடு ஜொலித்தது. கடையிலேயே புதுசாக இருந்த ஒரே பொருள் அதுதான். மிட்டாய் பாட்டில்களை ஒட்டியே அதை வைக்கவேண்டும், நகர்த்தக்கூடாது என்று கம்பெனியின் விற்பனைக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"தலைவியா? நானா?" என்றாள் அக்கா. "தலைவின்னா என்னடா வேலை?"

"ஒண்ணும் இல்லக்கா. ஒரு நாள் கூட்டத்துக்கு வந்து, நான் எழுதிக் குடுக்கிறத வாசிச்சா போதும்."

"ஒண்ணும் இல்லாத வேலைக்கு எதுக்கு ஒரு ஆளு?"

அவளே யோசித்தாள். பிரெட் வண்டி பெரிய கடைகளுக்கு முதலில் போய்விட்டு, மிச்சம் மீதியை மட்டும் சின்னக் கடைகளுக்குக் கொண்டுவருவதைப் பற்றி அவளுக்கு நெடுநாள் வருத்தம். தட்டிக் கேட்க ஒரு சங்கம் இல்லையே என்று எத்தனையோ தடவை என்னிடமே புலம்பியிருக்கிறாள். அப்படி ஒரு சங்கம் தம்பி கையிலேயே இருந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"எத்தன பேரு இருக்காங்க?"

"நாலாயிரத்து இருநூறு."

"அம்மாடி! இத்தன பேரா? அப்போ அவங்க லிஸ்ட்டக் குடு. தலைவின்னா யாரு என்னன்னு தெரிஞ்சிருக்கணும்ல."

ஆழம் தெரியாமல் காலை விட்டேன். லிஸ்ட்டுதானே, வாங்கி எங்கேயாவது செருகி வைப்பாள் என்று நினைத்து மறுநாளே நகல் எடுத்துக் கொடுத்தேன். எங்கள் அலுவலகத்தில் எனக்கு முன்னால் பத்துப் பேர் இந்த வேலை பார்த்திருக்கிறார்கள். யாரும் இந்தத் தப்பைச் செய்ததில்லை. பொம்மைத் தலைவர் வேண்டுமென்றால் ஓய்வு பெற்ற யாரையாவது பிடிப்பார்கள். நான் போய், சில்லறை ஐந்து பைசா கூடப் போய்விட்டாலும் வாடிக்கையாளரைத் தெருமுனைவரை துரத்திப் போய்த் திருப்பி வாங்குகிறவளை, அதேபோல் குறைத்துக் கொடுத்திருந்தாலும் துரத்திப் போய்க் கொடுக்கிறவளைப் பிடித்தேன்.

மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை கடையில் ஈ ஓட்டும் நேரம். மாமா லாரி ஓட்டுகிறவர். முதுகுவலி என்று அந்த மாதம் வீட்டில் இருந்தார். அவரைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு, பட்டியலைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா கிளம்பினாள். ஒரு நாளைக்கு ஐந்து கடை, ஆறு கடை. வெயிலில் நடந்தே போனாள்.

கடைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அக்கா அதை ஒருநாளும் மீறியதில்லை. ஒரு கடைக்காரி இன்னொரு கடைக்குள் போனால் எதையாவது வாங்காமல் வெளியே வரக்கூடாது. வாசல்படி ஏறிவிட்டு வெறுங்கையோடு இறங்கினால் அந்தக் கடையை வேவு பார்க்க வந்ததாக அர்த்தம். அதனால் ஒவ்வொரு கடையிலும் ஒரு சோப்பு, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு ஊசி பாக்கெட். வாங்கிய பொருளில் ஒரு துண்டுச்சீட்டை ஒட்டி, அதில் கடையின் பட்டியல் எண்ணையும் கடைக்காரரின் பெயரையும் அவர் சொன்னதையும் எழுதி வைத்தாள். இரண்டாவது வாரம் நான் வீட்டுக்குப் போனபோது மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"உள்ள வா மாப்ள, வந்து பாரு. வீட்டுல பதினாலு சீப்பு இருக்கு. எனக்குத் தலையில இருக்கிறது பதினாலு முடி."

அக்கா சிரிக்கவில்லை. பட்டியலை விரித்து வைத்திருந்தாள்.

"தம்பி, எழுபத்திரெண்டாம் நம்பரு சலவைக்கடைடா. அவரு ஏன் நம்ம சங்கத்துல இருக்காரு?"

"முன்னாடி மளிகைக்கடையா இருந்திருக்கும்க்கா."

"நூத்திப் பதினொண்ணு பல் டாக்டர். அங்க போய் நான் என்னத்த வாங்கறது? ஒரு டூத் பிரஷ் குடுத்தாரு பாவம். நூத்தி நாப்பது செத்துப்போய் மூணு வருஷம் ஆச்சு, அவரு பொண்டாட்டி அழுறாங்க. போன மாசம் அவரு பேருல நகரசபைக்கு லெட்டர் போயிருக்காம், நன்றின்னு பதில் வந்திருக்கு."

அந்தக் கடிதத்தை எழுதியவன் நான். 'எனக்கு வயதாகிவிட்டது, இந்தக் கடைதான் என் மூச்சு' என்று ஆரம்பித்திருந்தேன். சிரிப்பு என் தோளைத் தட்டிக்கொடுத்த கடிதம் அது. அக்கா சொல்லச் சொல்ல எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏதோ பழைய லிஸ்ட், திருத்தவேண்டும் என்று முனகிவிட்டு வந்துவிட்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நான் உண்மையிலேயே நம்பினேன்.

நாலு நாள் கழித்து அக்காவே போன் செய்தாள். சாயங்காலம் கடைக்கு வரச்சொன்னாள். போனேன். கூட்டம் இருந்தது. ஒருவருக்குச் சர்க்கரை நிறுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"முந்நூத்திப் பதினெட்டு யாருன்னு தெரியுமாடா?"

"தெரியலக்கா."

"நான். நாலு வருஷமா நான் இதுல இருக்கேனாம். எப்படா சேர்ந்தேன்?"

கல்லாவின் மேல் ஒரு மஞ்சள் சீட்டு இருந்தது. சிகரெட் விற்பனைக்காரர் வாரா வாரம் சரக்கு இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கும் சீட்டு. 'சரக்கு பெற்றுக்கொண்டேன்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே, எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி. அக்கா போன் கேமராவில் அதைப் பெரிதாக்கிப் படித்திருக்கிறாள்: 'சிறுகடையாளர் நலக் கூட்டமைப்பின் உறுப்பினராகச் சம்மதிக்கிறேன்.' அந்த வரியின் சொல்லும் என்னுடையதுதான், எழுத்தின் அளவும் என் யோசனைதான்.

"இதுவரைக்கும் பார்த்த கடைக்காரங்ககிட்ட எல்லாம் கேட்டுட்டேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டது இது ஒண்ணுலதான்," என்றாள். சர்க்கரைக்காரர் போய்விட்டார். "உண்மையைச் சொல்லு. இந்தக் கூட்டமைப்பு எங்க இருக்கு?"

"எங்க ஆபீஸ்ல."

"ஆபீஸ்ல எங்க?"

"என் டிராயர்ல."

அவள் கையை ஓங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஓங்கவில்லை. துணியை எடுத்துத் தராசுத் தட்டைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"நல்லா எழுதுவான் என் தம்பின்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்டா," என்றாள்.

நான் அழுதுவிடுவேன் போல் இருந்தது. தப்பிக்க ஒரே வழி இதுதான் என்று நினைத்து, "நீ ராஜினாமா பண்ணிடுக்கா. உடம்பு சரியில்லன்னு நான் ஒரு லெட்டர் எழுதிடறேன்," என்றேன்.

"இன்னும் ஒரு லெட்டரா? நான் எதுக்கு ராஜினாமா பண்ணணும்? தலைவின்னு போட்டது நீதானே. இனிமே நான் சும்மா இருந்தா, அந்தச் செத்துப்போனவரு மாதிரிதான் நானும்." மஞ்சள் சீட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். "கூட்டத்துக்கு வாசிக்கிறதுக்கு ஏதோ எழுதுவேன்னியே, எழுதிக் குடு. வாசிக்கிறேன்."

அக்கா ஒரு வார்த்தை சொன்னால் மாறமாட்டாள். வாசிக்கிறேன் என்றால் வாசிப்பாள். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் ஊஞ்சல் ஆடினேன். சிரிப்பிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் ஒருவேளை தப்பிக்கலாம். என் வாழ்க்கையிலேயே நன்றாக எழுதிய நாலு பக்கத்தை அக்காவிடம் கொடுத்தேன். அக்காவுக்காகவே எழுதியது. அவள் குரலுக்கு ஏற்றபடி வாக்கியங்களைச் சின்னதாக வைத்திருந்தேன்.

கூட்டம் நகரசபையின் பழைய மாடி அறையில் நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் கொண்ட குழு. நடுவில் குழுத்தலைவி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போடும் ஓர் அம்மாள். இந்தப் பக்க நாற்காலிகளில் நாங்கள். முதல் டிராயர், இரண்டாவது டிராயர், சிரிப்பு, நான். ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போலத் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தோம். மன்றத்துக்காரர் எழுந்து, இந்த விதியால் வரிப்பணம் வீண் என்றார். பேராசிரியர் எழுந்து, கண்ணில் படும் பொருளுக்கும் பழக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நாற்பது பக்கத்தை ஐந்து நிமிஷத்தில் சொன்னார். இரண்டு பேர் பேசியதும் நான் எழுதிக் கொடுத்த பேச்சு. என் மூன்று பேனாக்களில் இரண்டு பேசி முடித்திருந்தன. குழுவினர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். சிரிப்பு என் பக்கம் திரும்பிக் கண்ணால் சிரித்தார்.

அப்புறம் அக்காவைக் கூப்பிட்டார்கள். இரண்டு கையிலும் இரண்டு பெரிய பைகளோடு வந்தாள். பைகளைக் கீழே வைத்தாள். என் தாள்களை நேராகப் பிடித்தாள்.

"பெரியோர்களே, தினமும் காலை ஒன்பது மணிக்கு என் சிறிய கடையைத் திறக்கும்போது..."

நிறுத்தினாள். தாளை மேசைமேல் வைத்தாள்.

"வாசிக்கிறேன்னு சொன்னேன். வாசிச்சுட்டேன். இதுக்கு மேல முடியாதுங்க. இத எழுதினவரு காலைல கடைப்பக்கம் வந்ததே இல்ல. ஒன்பது மணிக்குத் தெறந்தா என் பாலைப் பூனைதான் வாங்கிட்டுப் போகும். நாங்க தெறக்கிறது அஞ்சு மணிக்கு."

பின்வரிசையில் சிரித்தார்கள். நான் மட்டும் நாற்காலிக்குள் புதைந்தேன். கடைக்குப் பின்கட்டில் அவளோடு இருந்த வருஷமெல்லாம், அவள் ஐந்து மணிக்குக் கதவைத் தூக்கும் சத்தத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டவன் நான். எழுத்துப்பிழையை அளந்து போடத் தெரிந்த எனக்கு அந்த ஐந்து மணியை எழுதத் தெரியவில்லை.

"நான் இந்தக் கூட்டமைப்புக்குத் தலைவி," என்றாள் அக்கா. "அதனால உறுப்பினருங்கள பார்த்துட்டு வந்தேன். எல்லாரையும் முடியல. நூத்தி நாப்பத்திமூணு வாசப்படி ஏறினேன். அதுல பதினொண்ணு கடையே இல்ல. மிச்சம் நூத்தி முப்பத்திரெண்டு கடை. தாங்க இந்தச் சங்கத்துல இருக்கோம்னு தெரிஞ்சவங்க அஞ்சு பேரு."

சிரிப்பு எழுந்தார். "அம்மாவுக்கு ஒதுக்கின நேரம் முடிஞ்சுதுன்னு நினைக்கிறேன்."

"எனக்கு அப்படித் தோணல. உட்காருங்க," என்றார் குழுத்தலைவி. அக்காவிடம், "நீங்க போனதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்காம்மா?" என்றார்.

அக்கா இரண்டு பைகளையும் தூக்கி மேசைமேல் கவிழ்த்தாள். சோப்பு, சீப்பு, மெழுகுவர்த்தி, ஊசி, பென்சில், பொத்தான் அட்டை, பல் டாக்டரின் டூத் பிரஷ். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, சீட்டில் எண், பெயர், சொன்ன சொல். ஒரு மெழுகுவர்த்தி உருண்டுபோய் ஓர் உறுப்பினரின் மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்து, சீட்டைப் படித்து, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அப்புறம் ஐந்து பேரும் ஆளுக்கொன்றாக எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். என் நூற்றறுபது கடிதங்களையும் அவர்கள் இப்படிப் படித்திருக்கமாட்டார்கள்.

"சட்டத்தைப் பத்தியும் கேட்டேன்," என்றாள் அக்கா. "வேண்டாம்னவங்க அம்பத்தேழு. பெரிய கடைங்களுக்கும் இதே சட்டம்னா எங்களுக்கும் சரின்னவங்க அறுபத்திநாலு. பதினோரு பேரு, எங்கள ஆள விடு தாயின்னுட்டாங்க. நான் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல."

அங்கேதான் நான் அக்காவைப் பார்த்து மலைத்துப்போனேன். அந்த ஐம்பத்தேழை அவள் மறைத்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? எங்களை மாதிரி ஒரு கூட்டத்தை எதிர்த்து நிற்கும்போதுகூட அவளுக்குத் தராசு ஒரு பக்கம் சாயக்கூடாது.

"உங்க சொந்தக் கருத்து என்னம்மா?" என்றார் குழுத்தலைவி.

அக்கா இடுப்பில் செருகியிருந்த இன்ச் டேப்பை எடுத்தாள். மேசையின் ஓரமாகத் தரையிலிருந்து இழுத்துப் பிடித்தாள். "கம்பெனிக்காரங்க குடுத்த அலமாரியில சிகரெட் அடுக்குற கீழ்த்தட்டு மூணரை அடியில இருக்கு. மிட்டாய் பாட்டில் பக்கத்துல. நகர்த்தக்கூடாதுன்னு உத்தரவு. இத்தன வருஷமா தினமும் துடைக்கிறேன், இந்த மரமண்டைக்கு ஏறல. நேத்துதான் அளந்தேன். சிகரெட் பிடிக்கிறவன் எவனாவது மூணரை அடி இருப்பானா?"

யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் தன் நாற்பது பக்கத்தை மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

குழுத்தலைவி கண்ணாடியைக் கழற்றினார். மேசைமேல் இருந்த என் தாளைத் தொட்டுக்காட்டினார். "இத யாரு எழுதிக் கொடுத்தது? கடைக்காரங்க பேருல வந்த கடிதங்களையும் அவங்கதான் எழுதினாங்களா?"

அக்கா ஒரு சொல் சொன்னால் போதும்.

"அத நான் சொல்லமாட்டேம்மா," என்றாள் அவள். "எழுதினவரு இந்த ரூம்லதான் இருக்காரு. இவ்வளவு நல்லா எழுதத் தெரிஞ்சவருக்குப் பேச வராதா?"

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. மேசைமேல் கிடந்த சோப்புகளை எண் வரிசைப்படி அடுக்க ஆரம்பித்தாள். கடையில் கூட்டம் இல்லாதபோது செய்வாளே, அதே மாதிரி. யாராவது வாங்க வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று.

சிரிப்பு என் முழங்காலில் கையை வைத்தார். "உட்காருப்பா," என்றார். அப்போதுதான் நான் எழுந்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

"நான்தாங்க எழுதினேன்," என்றேன். களைப்புக் குரல் இல்லை, என் சொந்தக் குரல். "அந்தக் கடிதங்க எல்லாம் நான் எழுதினது. முன்னாடி பேசின ரெண்டு பேருக்கும் எழுதிக் குடுத்ததும் நான்தான். மூணும் ஒரே மேசைங்க. நான் இவங்க தம்பி."

மீதியைச் சுருக்கிவிடுகிறேன். அன்று சாயங்காலமே சிரிப்பு சிரித்துக்கொண்டே என்னை அனுப்பிவிட்டார். பெரிய கடை சின்னக் கடை என்று வித்தியாசம் இல்லாமல் எல்லாருக்கும் ஒரே விதி என்று திருத்தம் செய்து, விதி நிறைவேறியது. மறுவாரம் கம்பெனி ஆட்கள் வந்து விளக்கு அலமாரியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சம்பந்தி வீட்டுக்கு வேறு ஊர்களில் வேறு டிராயர்கள் இருக்கும். அதெல்லாம் ஓர் அக்காவால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

வேலையை விட்டு வரும்போது மூன்றாவது டிராயரைக் காலி செய்து எடுத்துவந்துவிட்டேன். தலைவி கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும். அக்கா லெட்டர்பேடில் என் போன் நம்பரை அடித்துவிட்டுக் கடை நம்பரை எழுதினாள். ஒவ்வொரு தாளிலும் எழுதினாள். ஸ்டாம்பைக் கையில் அழுத்திப் பார்த்துவிட்டு, "மை காஞ்சுபோச்சு," என்றாள். என்னிடம் அதிகம் பேசவில்லை. "நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு வா," என்று மட்டும் சொன்னாள்.

போனேன். கதவைத் தூக்கினேன், பால் பெட்டி இறக்கினேன், பிரெட்டைத் தேதி பார்த்து அடுக்கினேன். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சில்லறை இல்லாதவர்கள், கடன் கேட்பவர்கள். இடுப்பு ஒடிந்துபோய் ஒரு மூட்டைமேல் சாய்ந்தபோது அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி ஒன்பதுடா," என்றாள். "உன் கடையத் தெறந்துக்கிறியா?"

டிராயர் விஷயம் தெரிந்து பத்து நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் என்னைக் கிண்டல் செய்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதைப் பார்க்காத மாதிரி கல்லாவுக்கு அடியில் குனிந்து, தடித்த ஃபைலை எடுத்து என் கையில் வைத்தாள்.

"மிச்சம் நாலாயிரத்து அம்பத்தேழு. எனக்குக் கடை இருக்கு. உனக்குத்தான் வேலை இல்லையே."

முதல் கடை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கல்லாவில் ஒரு வயதானவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவர் பேரில் நான் இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்றில் இவர் மிகவும் கோபமாக இருந்தார். நேரில் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. வாசல்படி ஏறினேன்.

"ஐயா, உங்களக் கேக்காமலே உங்க பேருல கடிதம் எழுதினவன் நான். இப்போ கேக்க வந்திருக்கேன்."

அவர் பேப்பரை இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது கெடக்கட்டும். முதல்ல ஏதாவது வாங்கு," என்றார்.

ஒரு சீப்பு வாங்கினேன்.